பூனைப் புதினா நட்ட சரிவு

முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவன் பணி அனுபவம் எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். வேலையெல்லாம் முடித்துவிட்டு, தானா ராத்தா டவுன் கடையில் தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பவர்கள் எழுதவேண்டியது இது. இருந்தாலும் இந்த மாதக் கடைசியில் நான் ரிங்லெட் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகிறேன். என் நாற்காலிக்கு உங்களில் ஒருவர் வரப்போகிறீர்கள். உரம் எப்போது, கவாத்து எப்போது, எந்த மலைக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. ஆயாக்கொட்டகை மண்ணுக்குள் போன சம்பவமும் கோப்பில் நான்கு பக்கத்துக்கு இருக்கிறது. நான்தான் எழுதினேன். ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்பது அந்த நான்கு பக்கத்தில் இல்லை. நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் திக்கென்கிறது.

நான் இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிவம் ஐந்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். விவசாயத்தில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு அலுவலகக் கிராணியாகத் திரும்பி வந்தபோது, அம்மா கொழுந்து வெட்டுகிற மலைக்கே நான் மேற்பார்வை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மா பெயரை நான் கூப்பிட, அம்மா வேண்டுமென்றே "வந்தேங்க ஐயா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். அந்தக் கூச்சத்தோடுதான் வேலையைத் தொடங்கினேன். லயத்துக்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கிற மரமேடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே இறங்குகிற சரிவு முழுக்க அப்போது புல். சரிவின் அடிவாரத்தில் ஆயாக்கொட்டகை. தாய் தகப்பன் மலைக்குப் போனபின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதற்கும் கீழே லயம். படத்தில் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று வெயில் மாதங்களில் அந்தப் புல்லுக்கு விடியும்போதே தண்ணீர் சுற்றிச் சுற்றி அடிக்கும். அது வருவதும் லயத்துக் குழாய்க்கு வருகிற அதே ஊற்றுத் தொட்டியிலிருந்துதான். புல் குளித்து முடித்தபின் லயத்துக் குழாயில் காற்றுதான் வரும். வேலை முடிந்து வந்த பெண்கள் வாளியோடு ஓடைக்கு இறங்குவார்கள். பிப்ரவரி மாதத்தில் அம்மாவையும் அந்த வரிசையில் பார்த்தேன். அன்றே தண்ணீர் கேட்காத செடி எது என்று கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் கேட்மிண்ட். சாம்பல் பூத்த பச்சை இலை, ஊதா நிறப் பூ, தரையோடு படர்ந்து மூடிக்கொள்ளும். வறண்ட நாடுகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். வேர் பிடித்தபின் தண்ணீரே வேண்டாம், கல்லும் மணலும் கலந்த ஏழை மண் போதும், தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கிவிட வேண்டும், பக்கத்தில் வேறு புல் பூண்டு இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எழுதியவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

கியா பார்ம் சந்தையில் பூச்செடி விற்கும் சீனத் தவுக்கே ஒருவரிடம் கொஞ்சம் இருந்தது. "எத்தன சட்டி வேணும்?" என்று கேட்டார். சரிவு முழுக்க என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சரிவா? சட்டியில வையி லா. இது மழ பிடிக்காத செடி," என்றார். தள்ளுபடி கொடுக்க மனமில்லாமல் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்து நான் செய்ததை, தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவன் மட்டும்தான் செய்வான். நமக்கு மண் வெறுமையாக, சீப்பு வாரியதுபோல் இருந்தால்தான் வேலை சுத்தம். ஒரு புல் தலைநீட்டினாலும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரைக் கூப்பிட்டுக் கேட்போம். அந்தக் கண்ணோடுதான் சரிவையும் பார்த்தேன். புல்லை விரிப்பு விரிப்பாகச் சுருட்டி எடுக்கச் சொன்னேன். ஓரத்துப் பெரணியையும் வேரோடு பிடுங்கச் சொன்னேன். பிறகு முழங்கால் ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, மணலும் சல்லியும் கலக்கச் சொன்னேன்.

மணியம் அண்ணன்தான் மண்டோர். கொத்திப் போட்ட மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"வேரையுமா தம்பி எடுக்கணும்?"

"ஆமாண்ணே. வேறெதும் இருந்தா இது வளராது."

"மண்ணு மாவு மாதிரி ஆயிடுச்சே. அக்டோபர் மழைக்கு என்ன செய்யும்?"

"தண்ணி தேங்காதுண்ணே. சர்ருனு உள்ள எறங்கிடும்."

"எறங்கி?"

"அதெல்லாம் படிச்சுட்டேன்ணே," என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. படித்தவன் சொல்லிவிட்டான் என்றால் நம் ஆட்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். அந்த மரியாதை நமக்கு எவ்வளவு கெடுதல் என்று எனக்கு அப்போது தெரியாது.

செடி பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு வாரம் லயத்துப் பூனைகள்தான் தொல்லை. எங்கிருந்தோ வாசனை பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து, இளஞ்செடி மேல் புரண்டு புரண்டு உருண்டன. "கிராணி பூனைக்கு மெத்த போட்டுருக்காரு, நமக்குத்தான் ஒண்ணும் இல்ல," என்று பெண்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். பூனைப் புதினா என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். கவாத்தில் விழுந்த தேயிலைக் குச்சிகளைச் செடியைச் சுற்றிக் குத்திவைத்துப் பூனைகளைத் தள்ளிவைத்தேன். ஜூன், ஜூலையில் மழை குறைந்து வெயில் அடித்தபோது சரிவு முழுக்க ஊதாப் பூ. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. லயத்துக் குழாயில் மாலையிலும் தண்ணீர் வந்தது. அம்மா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு என் காலே தரையில் பாவவில்லை.

தோட்ட மேனேஜரான துரைக்கும் மகிழ்ச்சி. ஈப்போவிலிருந்து வந்த நம் தமிழர்; நல்லவர், ஆனால் எதையும் மேலிடத்துக்குக் காட்டிவிட வேண்டும் அவருக்கு. அக்டோபரில் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பேர் சரிவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு செய்தார். மேடையில் நின்று நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. செடிகளின் நடுப்பகுதி கறுத்து அழுக ஆரம்பித்திருந்தது. அழுகியதை வெட்டிவிட்டு, ஓரத்தில் பூத்திருந்ததை முன்னால் தெரிகிற மாதிரி ஒதுக்கிவிட்டேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. அலுவலக வாசலில் சரோஜா அக்கா வந்து நின்றார். ஆயாக்கொட்டகையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி இருப்பவர், நாற்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

"தம்பி, கொட்டகைக்குப் பின்னால லோங்கான்ல தண்ணி வர்றதே நின்னுடுச்சு."

சரிவின் அடியிலிருந்து அந்தக் கால்வாயில் எப்போதும் ஒரு விரல் கனத்துக்கு ஊற்று நீர் வடிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளின் குவளைகளை அதில்தான் அலம்புவார்.

"நல்லதுதானேக்கா. ஈரம் இல்லாம இருக்கும்."

"என்ன நல்லது? ஒரு வாரமா மழ கொட்டுது. அந்தத் தண்ணி எங்க போவுது?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை, தேய்த்த கால்சட்டை, பளபளவென்று சப்பாத்து. கொட்டகைப் பக்கம் போய் முன்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஊதாப் பூ தெரிந்தது. சரிவில் ஏறவில்லை. பின்பக்கம்கூடப் போகவில்லை.

"பாத்துட்டேன்கா. ஒண்ணும் இல்ல."

"பிள்ளைங்கள கோயில் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிடட்டா?"

தோட்டத்தில் ஒரு விதி உண்டு. அலுவலகம் சொல்லாமல் ஆயா பிள்ளைகளை இடம் மாற்றக் கூடாது. தேடி வருகிற தாய்மார் தவித்துப் போவார்கள் என்பதற்காக வைத்தது. அந்த விதி எனக்கு அப்போது வசதியாக இருந்தது. பெரிய ஆட்கள் மேலே நிற்கும்போது கீழே பிள்ளைகள் வரிசையாக வெளியேறினால் என்ன நினைப்பார்கள்?

"வேணாம்கா. இங்கயே இருங்க. மத்தியானத்துக்கு மேல பாப்போம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க கிராணி," என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

பதினோரு மணிவாக்கில் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். துரை, நான்கு விருந்தினர், எனக்குப் பின்னால் மணியம் அண்ணன். எத்தனை தொட்டித் தண்ணீர் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே குடை நுனியால் சரிவைக் காட்டினேன். அப்போதுதான் செடிகளுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு கண்ணில் பட்டது. பூனைத் தடம் என்று நினைத்தேன். மேடையைவிட்டு இறங்கி, இரண்டடி வைத்து, அந்தக் கோட்டில் குடையை ஊன்றினேன்.

குடை கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது.

பூனைத் தடமில்லை; மண் பிளந்திருந்தது. மேடையில் யாரோ சிரித்தார்கள், நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து. கத்தலாமா என்று யோசித்தேன். கத்தினால் நான்கு பேரும் பதறி, சரிவில் வெட்டியிருக்கும் படிக்கட்டில் இறங்கி ஓடுவார்கள். துரையிடம் போய்க் காதோரம் சொன்னேன்.

"ஐயா, எல்லாரையும் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"என்னப்பா, சொல்லி முடி முதல்ல."

"ஐயா, குடையப் பாருங்க."

அவர் பார்த்தார். விருந்தினர்களிடம் திரும்பி, தேநீர் தயாராகிவிட்டது, இந்தப் பக்கம் வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு அழைத்துப் போனார். அவர் குரல் நடுங்கவில்லை. அன்றைக்கு நிதானமாக நடந்தது அது ஒன்றுதான்.

நான் சரிவுப் படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தேன். கீழே போக அதுதான் குறுக்குவழி. மணியம் அண்ணன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்தது.

"அதுல எறங்காத! ரோட்டால வா!"

ரோடு வளைந்து வளைந்து இறங்கும். ஓடினோம். அவருடைய பேத்தியும் கொட்டகையில்தான் இருந்தாள். மொத்தம் பதினோரு பிள்ளைகள். ஓடும்போது அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

கொட்டகை வாசலுக்கு வந்தோம். கதவில் பூட்டு.

பகலில் சரோஜா அக்கா உள்ளே தாழ்ப்பாள்தான் போடுவார்; வெளிப்பூட்டு மாலையில்தான். பூட்டைப் பார்த்ததும் எனக்குப் புத்தி நின்றுவிட்டது. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எதற்காவது போயிருக்கிறாரா? நான்தான் இங்கேயே இருங்கள் என்று சொன்னேனே. பிள்ளைகள் தூங்குகிற நேரம். கதவை இரண்டு கையாலும் அடித்தேன். சத்தம் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

மேலே, கனமான சாக்கு மூட்டைகளைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். மணியம் அண்ணன் என்னைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தபோது சரிவில் பாதி நகர்ந்துகொண்டிருந்தது. வேகமாகக்கூட இல்லை. பின்சுவரில் சாய்ந்தது, சுவர் உள்ளே போனது, கூரைத் தகரம் மடங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கொட்டகைக்குள் பாதி உயரத்துக்கு மண். அந்த மண்ணின் மேல் என் செடிகள் நின்றுகொண்டிருந்தன, நட்டுவைத்த அதே வரிசையில், பூவோடு.

மணியம் அண்ணன் வாசல் பக்கம் போய் மண்ணைக் கையால் வாரிப் போட ஆரம்பித்தார். நானும் வாரினேன். சல்லி நகக்கண்ணில் ஏறியது. நான் கலக்கச் சொன்ன சல்லி.

"யாரத் தோண்டுறீங்க ரெண்டு பேரும்?"

பின்னால் சரோஜா அக்கா. தலையில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து.

மணியம் அண்ணன் மண்ணைக் கையில் வைத்தபடியே அவரைப் பார்த்தார். "பிள்ளைங்க?"

"கோயில் மண்டபத்துல. பதினொண்ணும் இருக்கு. எண்ணிட்டுத்தான் வர்றேன். சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

மணியம் அண்ணன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நினைத்தாலே கூசுகிறது.

"போக வேணாம்னு சொன்னேனேக்கா."

"சொன்ன," என்றார். "நான் கேக்கல."

யாராவது பிள்ளைகளின் பாயை எடுக்கவோ மறந்த சாமானை எடுக்கவோ திரும்பி வந்துவிடக் கூடாது என்றுதான் வெளியே பூட்டினாராம். என் பேச்சைக் கேட்காமல் ஏன் போனீர்கள் என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "நீ பாத்துட்டேன்னு சொன்ன. உன் சப்பாத்துல ஒரு பொட்டு சேறு இல்ல. ஏறாம என்னத்தப் பாத்த?" என்றார்.

அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. துரை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ஆயா வந்து சொன்னாங்க, நீ உத்தரவு குடுத்த, பிள்ளைங்கள மாத்தினாங்கன்னு எழுதிடு. உனக்கும் நல்லது, விதிய மீறினாங்கன்னு அந்தம்மா மேலயும் வராது லா." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சரோஜா அக்காவின் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்றே என்னை நம்பவைத்துக்கொண்டேன். இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கப் போனேன்.

மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கையை நிறுத்தாமலே சொன்னார்:

"எனக்கு நல்லதுன்னு யாரு சொன்னா? அப்படி எழுதிட்டா, அடுத்த தடவயும் நீங்க சொன்னாத்தான் நவுரணும்னு ஆயிடும். அப்ப இந்த நாக்காலியில வேற யாரு இருப்பாங்களோ. அவங்களும் வேணாம்னு சொன்னா?"

அந்த வேறு யாரோதான் நீங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் எச்சரித்தது, நான் ஏறாமலே பார்த்ததாகச் சொன்னது, போக வேண்டாம் என்றது, அவர் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்து, பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விதி மாறியது: ஆபத்து என்று ஆயாவுக்குப் பட்டால் யாரையும் கேட்காமல் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். உங்கள் மேசைக்கு எதிரே அது ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரிவைச் சரிசெய்து பழைய புல்லையும் பெரணியையும் திரும்ப வைத்தபோது, மணியம் அண்ணன் ஒரு புல் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். வேர் அவர் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது.

"இதுக்குத் தண்ணியே ஊத்த வேணாமே தம்பி. வெயிலுக்குக் காயும், மழைக்கு எந்திரிச்சுக்கும். குழாய மூடியிருந்தாலே போதும் லா."

ஒரு குழாய்! அதைத் திருகி மூடியிருந்தால் லயத்துக்குத் தண்ணீர் வந்திருக்கும். படத்தில் இரண்டு மாதம் புல் பழுப்பாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் மலையையே கொத்தினேன். இப்போது வெயில் காலத்தில் அந்தக் குழாயை மூடித்தான் வைக்கிறோம். புல்லும் பழுப்பாகத்தான் நிற்கிறது. பயணிகள் அதையும் படம் எடுக்கிறார்கள்.

கேட்மிண்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. அலுவலகக் கூரைக்குக் கீழே, மழை படாத வெயில் மூலையில் ஆறு சட்டியில் வைத்திருக்கிறேன். சல்லி கலந்த மண், வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர், பூ முடிந்ததும் பாதியாக வெட்டிவிட வேண்டும். நன்றாக வரும். தவுக்கே சொன்னது சரிதான்.

போன மாதம் புதுக் கொட்டகையிலிருந்து சரோஜா அக்கா அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, மேல என்னமோ சத்தம் கேக்குது. டக்கு டக்குனு." மாதக் கடைசி வேலை மேசையில் குவிந்து கிடந்தது. எழுந்து போனேன். கொட்டகைக்குப் பின்னால் ஏறி, வேலிவரை போய், ஒவ்வொரு கால்வாயாகப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"என்னவாம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா. தண்ணித் தொட்டி மேல போட்ட தகரம். ஆணி விட்டுப்போயி காத்துல அடிக்குது."

"ஆணி அடிச்சுட்டு வரலையா?"

"இல்லக்கா."

"பின்ன? பிள்ளைங்க தூங்க வேணாமா?"

சுத்தியலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன்.